முள்வேலிக்குள் பிறந்த ஊராட்சி

ஒரு நாட்டின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரண்மனையிலிருந்தோ நாடாளுமன்றத்திலிருந்தோ தொடங்குவர். சிற்றூர்களின் பக்கம் அவர்தம் பார்வை செல்வது அரிது. ஆயினும், சாக்கடையை யார் வெட்டுவது, சந்தைக்கு எங்கே இடம் ஒதுக்குவது, தெரு விளக்குக்கு எவ்வளவு வரி கொடுப்பது என்னும் எளிய வினாக்களுக்கு மக்கள் தாமே கூடி விடை காணும்போதுதான் மக்களாட்சி அரிச்சுவடியைத் தொடங்குகிறது. மலாயாவில் அந்த அரிச்சுவடியை மிகப் பலர் கற்றுக்கொண்ட இடம், விந்தையாக, முள்வேலியால் வளைக்கப்பட்ட புதுக்கிராமங்களே ஆகும். அவ்வூர்களில் ஊராட்சி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடந்தது, எவ்வாறு மறைந்தது என்பதை இந்நாட்டு மாணவர்கள் அறிந்திருத்தல் நலம்.

வேலி வந்த வரலாறு

ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் உணவுப் பஞ்சமும் அச்சமும் நகர மக்களைக் காட்டோரங்களுக்குத் துரத்தின. ஈயச் சுரங்கங்களிலும் நகரங்களிலும் வேலை இழந்த சீனர் பல்லாயிரவர் காட்டை வெட்டி, மரவள்ளியும் காய்கறியும் பயிரிட்டு, பன்றி வளர்த்து உயிர் பிழைத்தனர். போர் முடிந்த பின்னும் அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டனர். நிலத்திற்குப் பட்டா இல்லை. ஊருக்குப் பெயர் இல்லை. அரசு அலுவலர் எவரும் அவர்களை எட்டிப் பார்த்ததும் இல்லை.

1948 ஜூன் திங்களில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டபோது அரசின் பார்வை இக்குடிகள்மீது விழுந்தது. காட்டில் மறைந்திருந்து போரிட்ட கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவும் பணமும் செய்தியும் இவர்களிடமிருந்தே செல்கின்றன என்று அரசு கருதியது. விரும்பிக் கொடுத்தவரும் உண்டு. துப்பாக்கிக்கு அஞ்சிக் கொடுத்தவரும் உண்டு. 1950-இல் நடவடிக்கை இயக்குநராக வந்த சர் ஹரோல்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, சிதறிக் கிடந்த இம்மக்கள் லாரிகளில் ஏற்றப்பட்டுப் புதிய இடங்களில் குடியேற்றப்பட்டனர். சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 480 புதுக்கிராமங்கள் எழுந்தன. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவற்றில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களில் நூற்றுக்கு 86 பேர் சீனர். மலாய்க்காரர் ஒன்பது விழுக்காடு. இந்தியர் நான்கு விழுக்காடு.

ஊரைச் சுற்றி முள்வேலி; வாயிலில் காவல்; இரவில் ஊரடங்கு. வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. ஊர் என்னும் பெயர் இருந்தாலும் அங்கு வாழ்ந்தவர்க்கு அது சிறையாகவே தோன்றியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அதற்கு முன் இருந்த நிலை

உள்ளாட்சி என்பது இந்நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. பினாங்கிலும் மலாக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நகராண்மைத் தேர்தல்கள் நடந்தன. எனினும், அங்கு வாக்களிக்கும் உரிமை வரி செலுத்திய சிலருக்கே உரியதாக இருந்தது. 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சிறு உரிமையையும் நீக்கியது. மலாய் மாநிலங்களில் 1890-இல் கோலாலம்பூரில் அமைந்த சுகாதார வாரியம் போன்றவை நகரங்களைக் கவனித்தன. அவற்றின் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்களே. மாவட்ட அதிகாரி தலைவர். அவர் சொல்லே முடிவு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே காற்று மாறியது. 1950-இல் உள்ளாட்சித் தேர்தல் சட்டம் இயற்றப்பட்டது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடைபெற்றன. கோலாலம்பூரில் அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் கைகோத்து 12 இடங்களில் ஒன்பதை வென்றதும், அக்கூட்டே பின்னர் நாட்டை ஆளும் கூட்டணியாக வளர்ந்ததும் யாவரும் அறிந்தவை. பட்டணங்களில் தொடங்கிய இந்தத் தேர்தல் முறை சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்ததே இக்கட்டுரைக்கு உரிய செய்தியாகும்.

ஒரே ஆண்டு, இரு முகங்கள்

1951 அக்டோபரில் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் 1952 பிப்ரவரியில் பொறுப்பேற்ற ஜெனரல் சர் ஜெரால்ட் டெம்ப்ளர் இராணுவ அதிகாரம், ஆட்சி அதிகாரம் இரண்டையும் ஒருங்கே பெற்றிருந்தார். அவர் வந்த அடுத்த மாதமே, தஞ்சோங் மாலிம் அருகே குடிநீர்க் குழாயைச் செப்பனிடச் சென்ற குழுவினர் பதுங்கியிருந்தோரால் தாக்கப்பட்டுப் பன்னிருவர் மாண்டனர். டெம்ப்ளர் அவ்வூர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கை விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். குற்றவாளியோடு குற்றமற்றவரும் பசித்திருந்தனர்.

அதே 1952-ஆம் ஆண்டில்தான் சிற்றூர்களுக்கு மன்றம் அமைக்க வழி வகுத்த ஊராட்சி மன்றச் சட்டம் பிறந்தது. ஓர் ஊரைக் கூட்டாகத் தண்டித்த கை, மற்றோர் ஊருக்கு வாக்குச் சீட்டை நீட்டியது. இதனை முரண்பாடு என்று கூறி விட்டுவிடுவது எளிது. ஆட்சியாளர் நோக்கில் இரண்டும் ஒரே போரின் இரு கருவிகளே. வேலிக்குள் இருப்பவர் தம் ஊரைத் தமது என்று எண்ணாதவரை வேலி பயன் தராது என்பதை அரசு உணர்ந்திருந்தது. புதுக்கிராமம் ஒன்றிற்கு இன்றியமையாதவை எவை என்று டெம்ப்ளர் கூறியவற்றுள், பயிரிடச் சிறிது நிலம், போதிய நீர், பள்ளிக்கூடம், சாலை, வடிகால் ஆகியவற்றோடு, ஓரளவேனும் இயங்கும் கிராமக் குழுவும் இடம் பெற்றிருந்தது குறிப்பிடத்தக்கது.

மன்றம் நடந்த விதம்

தொடக்கத்தில் ஊர்களில் இருந்தவை கிராமக் குழுக்களே. அவை மாவட்ட அதிகாரிக்கு யோசனை கூறலாம். வரி விதிக்கவோ தம் விருப்பப்படி செலவிடவோ இயலாது. குழு மன்றமாக மாறியபோது நிலைமை வேறாயிற்று. மன்றம் சட்டத்தால் ஆக்கப்பட்ட அமைப்பு. ஊர்வாசிகளில் வயது வந்த ஆணும் பெண்ணும் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரைத் தலைவராகக் கொண்டனர். வீடுகளுக்கு வரி, கடைகளுக்கு உரிமக் கட்டணம், சந்தை வாடகை ஆகியவை மன்றத்தின் சொந்த நிதியாயின. அரசின் மானியமும் சேர்ந்தது. அந்நிதியைக் கொண்டு குப்பை அகற்றினர், வடிகால் வெட்டினர், உள்தெருக்களைச் செப்பனிட்டனர், விளையாட்டுத் திடல் அமைத்தனர்.

இப்பணிகள் காண்பதற்குச் சிறியவை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1955 ஜூலையில் நடந்த முதற் கூட்டரசுத் தேர்தலில் வாக்காளர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்களாக இருந்தனர். குடியுரிமைச் சிக்கலால் சீனரிலும் இந்தியரிலும் பெரும்பாலோர் அத்தேர்தலுக்கு வெளியே நின்றனர். நாட்டரசில் இடம் பெறாத மக்கள் பலர்க்கு, வாக்குரிமையின் பொருளை முதன்முதலில் உணர்த்தியது ஊராட்சி மன்றமே எனலாம். தாம் தேர்ந்தெடுத்தவர் தம் தெருவிலேயே குடியிருந்தார். வடிகால் அடைத்துக்கொண்டால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அடுத்த தேர்தலில் அவரை மாற்றவும் செய்யலாம்.

குறைகள் இல்லாமலும் இல்லை. ஊர்கள் சிறியவை, வரி செலுத்துவோர் ஏழைகள். வரிப் பாக்கி பல மன்றங்களுக்குத் தீராத தலைவலியாயிற்று. குடியிருந்தோர் பலர்க்கு நிலத்தின்மேல் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டுமே. நாளை தமதாக இருக்குமா என்று தெரியாத மனைக்கு இன்று வரி கட்டுவதற்கு எவர்க்கும் மனம் வராது என்பது இயல்பே. கணக்கு வைப்பதற்குப் பயிற்சி பெற்ற எழுத்தரை அமர்த்துவதற்கும் சிறு மன்றங்களுக்கு வசதி போதவில்லை.

தோட்டங்களின் நிலை

இந்த வரலாற்றில் தமிழர்க்கு உரிய பகுதி எது என்னும் வினா எழுதல் இயற்கை. புதுக்கிராமங்களில் வாழ்ந்த தமிழர் சிலரே. ஆனால், அவசரகாலத்தில் வேலி கண்டவர்கள் கிராமத்தார் மட்டுமல்லர். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறியிருந்த தொழிலாளர் குடியிருப்புகளும் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. இவ்வாறு இடம் மாற்றப்பட்டோர் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டவர் என்பர். பால்மரக் காட்டுக்கு மதிய உணவு எடுத்துச் செல்லத் தடை, வாயிலில் சோதனை, இரவில் ஊரடங்கு. புதுக்கிராமத்தார் பட்ட இன்னல்களைத் தோட்டத் தமிழரும் பட்டனர்.

எனினும் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. தோட்டம் தனியார் நிலம். பெரும்பாலான தோட்டங்கள் எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள்ளும் அடங்கவில்லை. லயத்தின் கூரை ஒழுகினாலும், குழாயில் நீர் வராவிட்டாலும், வடிகால் நாறினாலும் தொழிலாளி சென்று நிற்க வேண்டிய இடம் துரையின் அலுவலகமே. அவருக்கு வேலை கொடுத்தவரும், வீடு கொடுத்தவரும், ஊரை ஆண்டவரும் ஒருவரே. வேலை போனால் வீடும் போயிற்று. வீடு போனால் ஊரும் போயிற்று. வேலி இரு சாரார்க்கும் கிடைத்தது. ஊராட்சி ஒரு சாரார்க்கே கிடைத்தது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தமிழ்த் தொழிலாளர் பலர் போக்கிடமின்றி நின்றதற்கு, நான்கு தலைமுறை வாழ்ந்த இடம் சட்டத்தின் கண்ணில் ஊராகவே கருதப்படாமற் போனதும் ஒரு காரணம் ஆகும்.

தேர்தல் நின்ற கதை

1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. 1960 ஜூலையில் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. வேலிகள் அகற்றப்பட்டன, மன்றங்கள் நிலைத்தன. உள்ளாட்சித் தேர்தல்களும் தொடர்ந்தன. ஆனால், இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட பகைமையைக் காரணமாகக் காட்டி 1965 மார்ச் 1-ஆம் நாள் உள்ளாட்சித் தேர்தல்கள் அனைத்தும் நிறுத்தி வைக்கப்பட்டன. இது தற்காலிக ஏற்பாடு என்றே அப்போது கூறப்பட்டது. பகைமை 1966 ஆகஸ்டில் தீர்ந்தது, தேர்தல் மீளவில்லை.

இதற்கிடையில், 1965-இல் உள்ளாட்சிகளின் செயற்பாட்டை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் மேலவை உறுப்பினராக விளங்கிய டத்தோ ஆதி நாகப்பன் என்பது தமிழ் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியாகும். தீபகற்பத்தில் இருந்த 370-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளில் 289 சிறு ஊராட்சி மன்றங்களாகவே இருந்தன. மன்றங்கள் அளவுக்கு மீறிப் பலவாகவும் சிறியனவாகவும் இருப்பதை ஆணையம் மறைக்கவில்லை. நிர்வாகக் குறைகளையும் எடுத்துக் காட்டியது. ஆயினும், சிறு மன்றங்களை இணைத்துப் பெரிதாக்கலாமேயன்றி மக்கள் தேர்ந்தெடுக்கும் முறையைக் கைவிடலாகாது என்பதே 1968 டிசம்பரில் அது அளித்த அறிக்கையின் சாரமாகும்.

அறிக்கையின் முற்பகுதி ஏற்கப்பட்டது, பிற்பகுதி ஏற்கப்படவில்லை. 1973-இல் வந்த இடைக்காலச் சட்டமும், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் சிறு மன்றங்களை மாவட்ட மன்றங்களிலும் நகராண்மைக் கழகங்களிலும் இணைத்தன. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும் முறை வந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு உள்ளாட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பின்னாளில் பினாங்கு மாநிலம் 2012-இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அம்முயற்சியை ஏற்க மறுத்தது.

முடிவுரை

சிறு மன்றங்கள் மறைந்ததை வெறும் இழப்பு என்றோ வெறும் சீர்திருத்தம் என்றோ ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. பெரிய மன்றத்தால் பெரிய சாலை போட முடியும். தேர்ந்த பொறியாளரை அமர்த்த முடியும். ஏழை ஊரின் பற்றாக்குறையை வளமான ஊரின் வரி கொண்டு ஈடு செய்யவும் முடியும். ஆனால், அடைபட்ட வடிகாலுக்காகத் தன் தெரு உறுப்பினரின் கதவைத் தட்டும் உரிமையை அதனால் தர இயலவில்லை.

பல்லின மக்கள் வாழும் இந்நாட்டில் உள்ளாட்சி அச்சத்தின் நடுவே, போரின் கருவியாக, அயலார் கையால் சிற்றூர்களுக்கு வந்தது. அப்படி வந்ததையும் மக்கள் தமதாக்கிக்கொண்டு பத்தாண்டுகளுக்கு மேல் நடத்திக் காட்டினர். காட்டோரக் குடிசையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், நிலத்திற்குப் பட்டா இல்லாதவர் ஆகிய அவர்களே தம் ஊரின் வரவு செலவைத் தாமே பார்த்துக்கொண்டனர். வாய்ப்புக் கிடைத்தால் எளிய மக்களும் ஆளக் கற்றுக்கொள்வர் என்பதற்கு இந்நாட்டு மண்ணிலேயே கிடைத்த சான்று இது. அந்த வாய்ப்பே கிடைக்காமல் லயத்து வாசலில் நின்றவர்களின் வரலாற்றையும் இதனுடன் சேர்த்தே படித்தல் வேண்டும். அப்போதுதான் வேலியின் இரு பக்கமும் விளங்கும்.