பிளிறலுக்கு அப்பால்: யானையின் கேளா ஒலி அறியப்பட்ட வரலாறு

முன்னுரை

யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், குயில் கூவும் என ஒலிமரபுச் சொற்களை நம் மாணவர்களுக்குத் தொடக்கப்பள்ளி முதலே கற்பித்து வருகிறோம். ஒவ்வோர் உயிரின் குரலுக்கும் உரிய வினைச்சொல்லைத் தேர்ந்து வழங்கும் இம்மரபு, தமிழர் விலங்குகளின் குரலைக் கூர்ந்து கேட்டனர் என்பதற்குச் சான்றாகும். எனினும், மரபு பதிவு செய்திருப்பது மனிதச் செவிக்கு எட்டிய குரலை மட்டுமே. யானையின் குரலில் ஒரு பகுதி நம் செவிக்கு எட்டாதது. இவ்வுண்மை யாரால், எவ்வாறு அறியப்பட்டது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நோக்கலால் எழுந்த குறிப்பு

சிதறி மேயும் யானைகள், ஒலி ஏதும் கேளாத நிலையிலும் ஒரே வேளையில் அசைவற்று நிற்பதும், பின்னர் ஒருசேர நகர்வதும் காட்டில் அவற்றைக் கவனித்தோர்க்குப் புதிராகவே இருந்தன. யானைகள் மனிதர் கேட்க இயலாத ஒலிகளாலும் தொடர்புகொள்கின்றன என்பதை முதலில் குறித்தவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) ஆவார். 'பத்மாவதி சரித்திரம்' இயற்றிய அ. மாதவையாவின் மகனான இவர், 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் காட்டுயிர்கள் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் இயற்கைக் கட்டுரைகள் படைத்தார். 1968இல் ஜவஹர்லால் நேரு ஆய்வுநல்கை பெற்று, தீபகற்ப இந்தியாவின் பெரும் பாலூட்டிகள் குறித்துக் கள ஆய்வு மேற்கொண்டார். அதன் யானை பற்றிய பகுதி 1972இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. அவருடைய குறிப்பு நேர்நோக்கலால் எழுந்தது; கருவிவழிச் சான்று பின்னரே கிட்டியது.

கருவி தந்த சான்று

அச்சான்றை அளித்தவர் அமெரிக்க ஒலியியல் ஆய்வாளர் கேட்டி பெய்ன். முன்னர்த் திமிங்கிலங்களின் பாடலை ஆராய்ந்த இவர், 1984இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு விலங்குக்காட்சிச்சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார், ஒலியோ கேட்கவில்லை. இளமையில் தேவாலயப் பாடகர் குழுவில், பேரிசைக் குழலின் அருகே நின்று பாடியபோது உணர்ந்த அதிர்வு அவர் நினைவிற்கு வந்தது. குழலின் மிகத் தாழ்ந்த சுரங்கள் செவிக்கு அடங்கி, உடலில் மட்டும் அதிர்வாய்ப் புலப்படும். யானையும் அத்தகு ஒலியை எழுப்புகிறதோ என அவர் ஐயுற்றார்.

அவ்வாண்டே வில்லியம் லேங்பவர், எலிசபெத் தாமஸ் ஆகியோருடன் மீண்டும் அங்குச் சென்று ஒலிப்பதிவு செய்தார். பதிவை விரைவுபடுத்தி ஒலிக்கச் செய்தபோது, கேளாதிருந்த குரல்கள் கேட்டன. அவற்றின் அடிப்படை அதிர்வெண் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் என 1986இல் வெளியான ஆய்வுரை தெரிவித்தது. மனிதச் செவியின் கீழ் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதனினும் தாழ்ந்த ஒலியை அறிவியல் நூல்கள் குற்றொலி என வழங்கும். இவ்வொலி காற்றிலும் மரச்செறிவிலும் எளிதில் தேய்வதில்லை. ஆதலின் நெடுந்தொலைவு செல்ல வல்லது. நமீபியாவின் எட்டோசா தேசியப் பூங்காவில் பதிவு செய்த குரல்களை ஒலிக்கச் செய்தபோது, 2 கிலோமீட்டர் தொலைவில் நின்ற ஆப்பிரிக்க யானைகளும் எதிர்வினை காட்டின.

பின்னர் விரிந்த ஆய்வு

இக்குரல் பிறக்கும் முறையை 2012இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவுபடுத்தியது. மனிதப் பேச்சைப் போலவே, நுரையீரலினின்று வரும் காற்று குரல்நாண்களை அதிரச் செய்வதால் இவ்வொலி பிறக்கக்கூடும் என்பது இறந்த யானையொன்றின் குரல்வளையைக் கொண்டு காட்டப்பெற்றது. 2024இல் கென்யாவின் ஆப்பிரிக்க யானைகளின் 469 அழைப்பொலிகளைக் கணினிவழிப் பகுத்தாய்ந்த அறிஞர்கள், யானைகள் ஒன்றையொன்று பெயர் போன்ற ஒலியால் விளிப்பதற்கான சான்றுகளை முன்வைத்தனர். 17 யானைகளிடம் நிகழ்த்திய சோதனையில், தம்மை விளித்த அழைப்புக்கு அவை பிறவற்றை விளித்த அழைப்பைக் காட்டிலும் விரைந்து எதிர்வினை காட்டின.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு இரண்டை உணர்த்துகிறது. கிருஷ்ணன் தந்தது நோக்கல்; பெய்ன் குழுவினர் தந்தது சான்று. தமிழர் ஒருவர் முன்னரே யாவற்றையும் கண்டறிந்துவிட்டார் என உரிமை கொண்டாடுதல் வரலாற்று நெறியன்று. அவர் பெயரை விடுத்து இவ்வரலாற்றை எழுதுதலும் அந்நெறிக்குப் பொருந்தாது. அடுத்து, 'யானை பிளிறும்' என்னும் மரபு பிழையன்று. அது நாம் கேட்ட குரலின் பெயர். அதனைக் கற்பிக்கும் ஆசிரியர், நாம் கேளாத குரலும் யானைக்கு உண்டு என்பதனையும் சேர்த்துரைப்பாராயின், ஒலிமரபுப் பாடம் மனனப் பயிற்சியாக நின்றுவிடாமல், உற்றுநோக்கும் பயிற்சியாகவும் அமையும் எனலாம்.