ராமலிங்க விலாசம்: சிலையைப் பார்த்தாச்சு, சுவரைப் பார்த்தீங்களா?

1. "டாக்டர், அடுத்த வாரம் குடும்பத்தோட ராமேஸ்வரம் போறோம்" என்றார் நம்ம பனமரத்துப்பட்டிக்காரர் ஒருத்தர். "வழியில ராமநாதபுரம் அரண்மனையில ஒரு மணி நேரம் இறங்குங்க"ன்னேன். ஏன்னு கேட்டார். அவருக்குச் சொன்ன பதில்தான் இந்த த்ரெட்.

2. அந்த அரண்மனையில ராமலிங்க விலாசம்னு ஒரு தர்பார் மண்டபம் இருக்கு. கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். இப்போ தமிழ்நாடு தொல்லியல் துறையோட அருங்காட்சியகம். உள்ளே கற்சிலைகள், ஆயுதங்கள் வச்சிருக்காங்க.

3. பெரும்பாலானவங்க சிலைகளைப் பார்த்துட்டுக் கிளம்பிடுவாங்க. சிலைகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. பிறந்த இடத்துலயே இருக்குறது சுவர் ஓவியங்கள் மட்டும்தான். இவை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை.

4. ராமாயணம், பாகவதம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் முழுக்க அரசியல். ராஜராஜேஸ்வரி அம்மனே சேதுபதிக்குச் செங்கோல் தர்றா. மதுரை நாயக்கர் ரத்தினங்களால் அபிஷேகம் செய்றார். தஞ்சை மராட்டியரோட போர் நடக்குது. ஐரோப்பியர் வந்து மன்னரைச் சந்திக்கிறாங்க.

5. இதை யார் பார்ப்பாங்க? தர்பாருக்கு வர்ற தூதர், பாளையக்காரர், வரி கட்டுறவர். ஒரு காலத்துல மதுரைக்கு அடங்கின சேதுபதிகள், இன்னைக்கு மதுரையே தங்களை மதிக்குதுன்னு சுவர்ல எழுதி வச்சிருக்காங்க.

6. ஆனா அந்த மன்னர் இறந்த சில வருஷங்கள்லயே வாரிசுச் சண்டை. சுவர்ல தோத்த அதே தஞ்சாவூர்ப் படை உள்ளே வந்து, யார் மன்னர்னு முடிவு பண்ணுச்சு. சீமை பிரிஞ்சு சிவகங்கை தனி அரசாச்சு. அது எந்தச் சுவர்லயும் இல்ல. ஜெயிச்சவங்க வரைஞ்ச வரலாற்றை இப்படித்தான் படிக்கணும்: என்ன இருக்கு, என்ன இல்லைன்னு ரெண்டையும் பார்த்து.

7. டாக்டரா ஒரு வேண்டுகோள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் காயும்போது கரைஞ்ச உப்பு படிகமாகி, வண்ணத்தை உள்ளேயிருந்து தள்ளி உரிக்கும். கை வியர்வையிலும் ஈரமும் உப்பும் உண்டு. தொடாதீங்க, சாயாதீங்க, பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கோங்க.

8. சிலையை வேற அருங்காட்சியகத்துக்கு மாத்தலாம். இந்தச் சுவரை மாத்த முடியாது. உரிஞ்சா உரிஞ்சதுதான்.

ராமேஸ்வரம் போறவங்க யாராவது உங்க வீட்ல இருந்தா, இதை அனுப்பி வைங்க.