செக்கிலிருந்து கரியமில வாயு வரை

எண்ணெய் என்னும் சொல்லே எள்ளின் நெய் என்று விரிவது. சோழர் காலக் கல்வெட்டுகள் எண்ணெய் வணிகரைச் சங்கரப்பாடியார் எனக் குறிக்கின்றன. கொடையாளியின் பெயர் பொறித்த கல்செக்குகள் தமிழகத்தின் பல ஊர்களில் கிடைத்துள்ளன. செக்கு இருந்த ஊரிலேயே எண்ணெய் தங்கியது. பிண்ணாக்கு அவ்வூர் மாட்டுக்குச் சேர்ந்தது.

இவ்வொழுங்கு மாறியதை அறிய, தியாகதுருகத்தை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டை நாம் நோக்க வேண்டும். தென் அமெரிக்காவில் பிறந்த நிலக்கடலை, நம் வட்டார வழக்கில் மல்லாட்டை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்குள்ள மானாவாரி நிலங்களில் பெருகியது. அது புதுச்சேரி வழியே பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறி, அங்கே எண்ணெயாகவும் சவர்க்காரமாகவும் ஆயிற்று. போனது எண்ணெய் அன்று, பருப்பு. ஆட்டும் தொழிலும் பிண்ணாக்கும் அதனுடனேயே கடல் கடந்தன.

செக்கு பிண்ணாக்கில் கணிசமான எண்ணெயை விட்டுவிடும். அதையும் கரைத்தெடுக்க 20ஆம் நூற்றாண்டில் ஹெக்சேன் என்னும் பெட்ரோலியக் கரைப்பான் வந்தது. எண்ணெய் மிகுந்தது, ஆனால் கரைப்பானைச் சூடேற்றி நீக்கியாக வேண்டும், சிறு எச்சம் தங்கும் என்ற கவலையும் உண்டு.

இதற்கான விடையின் வேர் பழையது. 1822இல் காக்னியார் த லா தூர் நிலைமாறு புள்ளியைக் கண்டார். 1869இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் கரியமில வாயுவைக் கொண்டு அதை விளக்கினார். சுமார் 31 பாகை செல்சியசும் 73 வளிமண்டல அழுத்தமும் கடந்தால் அவ்வாயு, வாயுவும் அன்று, நீர்மமும் அன்று. வாயுவைப் போல் நுண்துளைகளில் நுழையும். நீர்மத்தைப் போல் கரைக்கும். இத்தகைய பாய்மம் திடப்பொருளைக் கரைப்பதை 1879இல் ஹானேயும் ஹோகார்த்தும் காட்டினர். 1960களில் ஜெர்மனியின் குர்ட் சோசெல் இதைக் காப்பிக்கொட்டையின் காஃபீனை நீக்கும் தொழில்முறையாக்கினார். அழுத்தத்தைக் குறைத்தால் வாயு பிரிந்துவிடும். சாறு மட்டும் எஞ்சும். எச்சம் இல்லை, மென்மையான மணமும் கருகுவதில்லை.

ஆயினும் நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கலன்கள் பெருவிலை கேட்பவை. ஆகவே இம்முறை மிளகு, இஞ்சி, மல்லிகை போன்ற விலையுயர்ந்த சாறுகளுக்கே கட்டுப்படியாகிறது. கடலை எண்ணெய்க்கு எட்டுவதில்லை.

மாட்டையும் உலக்கையையும் ஓர் ஊர் தானே வைத்துக்கொள்ள இயன்றது. இக்கலனை வைத்துக்கொள்ள இயலுமா என்பதே நம் கேள்வி. கூட்டுறவாகவேனும் இயலாவிடில், மார்செய்க்குப் பருப்பு போன வழியிலேயே நாளை நம் பூவும் விதையும் போகும். நுட்பம் தூய்மையானது; பங்கீடு தானாகத் தூய்மையாவதில்லை.