அசாமியப் பாட்டியும் அவள் வீட்டு விலங்குகளும்

அசாமிய இலக்கியத்தில் குறும்பு அச்சு இயந்திரத்தைவிட மூத்தது. 16ஆம் நூற்றாண்டில் வைணவ ஞானி சங்கரதேவரின் சீடரான மாதவதேவர் எழுதிய குறுநாடகங்களில், கண்ணன் அடுத்த வீட்டு வெண்ணெயில் கைவைத்து அகப்பட்டுக்கொள்ளும் பிள்ளையாக வருகிறான். ஒரு நாடகத்தின் பெயர் 'பிம்பரா குசுவா', அதாவது எறும்பு விரட்டுதல். வெண்ணெய்ப் பானைக்குள் கை போனதற்குப் பிள்ளை சொல்லும் சாக்குதான் அந்தத் தலைப்பு. குழந்தைகளுக்கென்று எழுதப்பட்டவை அல்ல என்றாலும், ஊரின் வழிபாட்டுக்கூடமான நாம்கரில் இவற்றை அவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். வீட்டில் தாலாட்டு இருந்தது. அசாமியக் குழந்தைகள் இன்றும் கேட்டு உறங்கும் தாலாட்டு ஒன்று, இரவில் வராதே என்று நரியை மிரட்டுகிறது.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், 1836இல் அசாமின் நீதிமன்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் வங்காளம் மொழியாக்கப்பட்டது. பாட்டியிடம் ஒரு மொழியில் கதை கேட்ட பிள்ளை, இன்னொரு மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதாயிற்று. இந்த நிலை 1873 வரை, ஒரு தலைமுறைக்கும் மேலாக நீடித்தது. அதற்கிடையே 1846இல் சிவசாகரில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் 'அருணோதய்' மாத இதழை அசாமிய மொழியில் அச்சிட்டார்கள். நேதன் பிரவுன் அதன் முதல் ஆசிரியர். 1849இல் ஆனந்தராம் டெகியால் புகன் 'அசாமிய லரார் மித்ரா' என்ற பாடநூலை வெளியிட்டார். 'அசாமியச் சிறுவனின் நண்பன்' என்று பொருள். அப்போது அவருக்கு வயது இருபதுதான். தாய்மொழிக்காக ஆட்சியாளர்களிடம் வாதாடிய அவர் முப்பது வயது நிறையும் முன்பே இறந்துபோனார். அவர் கேட்டது கிடைத்தபோது அவர் இல்லை.

இந்த நூல்கள் அறிவு புகட்ட வந்தவை. சிரிக்கவும் அழவும் வைக்கும் புத்தகத்துக்கு 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு லக்ஷ்மிநாத் பேஸ்பருவா 'பூடி ஆயிர் சாது' என்ற தொகுப்பை வெளியிட்டார். 'பாட்டி சொன்ன கதைகள்' எனலாம். கல்கத்தாவில் படித்து, 1889இல் அங்கேயே நண்பர்களோடு 'ஜோனாகி' இதழைத் தொடங்கி நடத்திய அவர், ஊரில் கிழவிகள் வாயில் இருந்த கதைகளை எழுத்துக்குக் கொண்டுவந்தார். தாய்மொழிக்காக எழுதப்பட்ட மனுக்களும் இலக்கண நூல்களும் செய்ததைவிட இந்தத் தொகுப்பு செய்தது பெரிது. மனுக்களை அதிகாரிகள் படித்தார்கள். இதைப் பிள்ளைகள் படித்தார்கள்.

அதில் மிகவும் பெயர்பெற்ற கதை 'தேஜீமலா'. சிறுமி தேஜீமலாவின் தந்தையான வணிகர் படகேறி வெளியூர் போனதும், மாற்றாந்தாய் கொடுமையைத் தொடங்குகிறாள். தோழியின் திருமணத்துக்குக் கொண்டுபோகத் தந்த துணி மூட்டைக்குள் ஓர் எலியையும் நெருப்புக் கங்கையும் அவளே ஒளித்து வைக்கிறாள். துணி கிழிந்து கருகியதற்குத் தண்டனையாகச் சிறுமி அரிசி குத்த வேண்டும். 'டெங்கி' என்பது காலால் மிதித்து இயக்கும் நெடிய மர உலக்கை. ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழுந்து குழியில் விழும். குழியருகே உட்கார்ந்து அரிசியைத் தள்ளிவிடும் தேஜீமலாவின் ஒரு கை நசுங்குகிறது. மறு கையால் தள்ளச் சொல்கிறாள் மாற்றாந்தாய். அதுவும் நசுங்குகிறது. பிறகு கால்கள், கடைசியில் தலை. புதைத்த இடத்தில் சுரைக்கொடி முளைத்துப் பேசுகிறது. வெட்டி எறிந்தால் எலுமிச்சை இனத்து மரமாகவும், ஆற்றில் தாமரையாகவும் வருகிறாள். படகில் திரும்பும் தந்தையின் கையில் மைனாவாக வந்து சேர்கிறாள். இவ்வளவு கொடுமையைச் சிறுவர் நூலில் வைக்கலாமா என்று கேட்பவர்கள், வெட்டவெட்டப் பேசிக்கொண்டே இருக்கும் அந்தக் குரலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தொகுப்பின் மற்ற கதைகளில் விலங்குகள் நெருக்கமாக உலவுகின்றன. ஒரு பருந்து பானையில் விடப்பட்ட பெண் குழந்தையைத் தூக்கிப்போய் வளர்க்கிறது. விதைக்கிற கிழவனைக் கேலி செய்யும் நரிகளைக் கிழவனும் கிழவியும் விருந்துக்கு அழைத்து அடித்துத் துரத்துகிறார்கள். இவை பேசும் விலங்குகள். ஏமாற்றும், பேரம் பேசும், மனிதரோடு சரிக்குச் சரி நிற்கும். பின்னாளில் நவகாந்த பருவா போன்ற கவிஞர்களும் சிறுவர்களுக்காக எழுதினார்கள்; 'சியாலி பாலேகை ரத்தன்பூர்' என்ற அவருடைய நூலின் தலைப்பில் ரத்தன்பூர் போய்ச் சேர்வதும் ஒரு நரிதான்.

வீட்டு நாய் வேறு வகை. கோலாகாட்டில் 1956இல் பிறந்த அரூபா பதங்கியா கலிதா, வன்முறையில் வீடிழந்த பெண்ணின் கதையான 'ஃபெலானி' நாவலுக்காக அறியப்பட்டவர். சிறுகதைத் தொகுப்புக்காக 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவரே சிறுவர்களுக்காக 'தானியா' என்ற நாவலையும் எழுதினார். ஆங்கிலத்திலும் வந்திருக்கும் அதன் நடுவில் இருப்பது ஒரு குடும்பத்தின் செல்ல நாய். பாட்டி கதையின் நரி வாயைத் திறந்து பொய் சொல்லும். வீட்டு நாய்க்கோ வாலும் காதும் கண்ணும்தான் மொழி. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டார் மட்டுமே. அதனால் இத்தகைய கதையில் நாயைப் பற்றி எழுதுவது குடும்பத்தைப் பற்றி எழுதுவதாகிவிடுகிறது.

சிறுவர் நூல்கள் இந்திய மொழிகளுக்குள் பயணிக்க 1957இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் வழிசெய்தது. அதன் 'நேரு பால புஸ்தகாலயா' வரிசையில் ஒரே கதை அசாமியத்திலும் தமிழிலும் வெளிவரும். 2010 முதல் சாகித்திய அகாதெமி அசாமியம், தமிழ் உட்படப் பல மொழிகளின் சிறுவர் எழுத்துக்குத் தனி விருது வழங்கி வருகிறது.

அசாமியக் குடும்பக் கதை ஆங்கிலத்துக்குப் போகும்போது உறவுப் பெயர்கள்தான் முதலில் உதிர்கின்றன. 'குரா' என்றால் சித்தப்பா, 'மாமா' என்றால் தாய்மாமன். ஆங்கிலத்தில் இருவரும் அங்கிள். 'பேஹி' அத்தை, 'மாஹி' சித்தி. அங்கே இருவரும் ஆன்ட்டி. தமிழில் இந்த இழப்பு இல்லை. தேஜீமலாவின் மாற்றாந்தாயை அசாமியர் 'மாஹி' என்ற சொல்லைக் கொண்டே குறிக்கிறார்கள். தாயின் தங்கையையும் தந்தையின் இரண்டாம் மனைவியையும் சித்தி என்றே அழைக்கும் தமிழ்க் குழந்தைக்கு அதை விளக்கத் தேவையில்லை.