எதிர்காலத்தைத் திட்டமிட்டவர் யார்? வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எதிர்காலவியல் என்பது இன்று தனி ஆய்வுத் துறையாக வளர்ந்துள்ளது. உலக எதிர்காலவியல் ஆய்வுக் கூட்டமைப்பு 1973-இல் தோன்றிய பின்னர், ஆய்வையும் கல்வியையும் சமூகத்தையும் இணைத்து வருங்காலத்தை எண்ணிப் பார்க்கும் முயற்சிகள் பல நாடுகளில் பரவின. ஆயினும் பெயர் புதிதேயன்றிப் பொருள் புதிதன்று. மலேசியத் தமிழர் வரலாற்றிலும் இத்தகைய கூட்டு முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. அவை எவ்வகையில் வென்றன, எங்கே நின்றுவிட்டன என்பதைக் கோலசிலாங்கூர், செகிஞ்சான் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

முதலாளியின் தொலைநோக்கு

பிரெஞ்சுத் தோட்ட முதலாளியான ஹென்றி ஃபோக்கோனியே 1911-இல் சுமத்ராவிலிருந்து செம்பனை விதைகளைக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுவந்தார். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. தமிழ்ச் சொல்லாகவே ஒலிக்கும் பெயர் கொண்ட தோட்டத்தில் வேறொரு மரம் வேரூன்றியது கருதத்தக்கது. செம்பனையின் பொருளியல் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். ஆகவே, ஒரு நடவு என்பது ஒரு தலைமுறைக்கான முடிவு எனலாம். அம்முடிவில் தொழிலாளிக்குப் பங்கில்லை. அவருடைய லயன் வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று.

1930-களில் தஞ்சோங் காராங் சதுப்பு நிலம் நீர்ப்பாசனத் திட்டத்தின்கீழ் நெல்வயலாக மாற்றப்பட்டது. செகிஞ்சானில் குடியேறிய சீன விவசாயிகளும் அதை அடுத்த பகுதிகளில் குடியேறிய மலாய் விவசாயிகளும் காலப்போக்கில் நிலவுடைமையாளர் ஆயினர். அதே மாவட்டத்துத் தோட்டத் தமிழருக்கோ நிலம் வாய்க்கவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்றது. பள்ளி கிடைத்தது, ஆனால், அது தொடக்கக் கல்வியோடு நின்றது.

ஆய்வும் சங்கமும் கூட்டுறவும்

1950-களில் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றனர். வேலையும் வீடும் ஒருங்கே பறிபோகும் நிலை தோன்றியபொழுதுதான் தமிழர் சமூகம் வருங்காலத்தை அமைப்பு நிலையில் சிந்தித்தது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொழிலாளரை ஒன்றுதிரட்டியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலை விரிவாக ஆராய்ந்தார். துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே 1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

சங்கம் மக்களைத் திரட்டியது. பல்கலைக்கழகம் சிக்கலை அளந்தது. கூட்டுறவு மூலதனத்தைச் சேர்த்தது. இம்மூன்றும் ஒரே காலத்தில் ஒரே சிக்கலை நோக்கியதே இக்காலகட்டத்தின் சிறப்பாகும். எனினும், 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என்ற விதி பலரின் வாழ்வைக் குலைத்தது. குடியுரிமை ஆவணம் இல்லாத தொழிலாளிக்குக் கூட்டுறவுப் பங்குச் சீட்டு மட்டும் காப்பாக அமையவில்லை. நிலத்தைப் பற்றிச் சிந்தித்த அளவுக்கு ஆவணத்தைப் பற்றிச் சமூகம் சிந்திக்கவில்லை என்பது நம் கருத்து.

நிலத்திலிருந்து கல்விக்கு

இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை பரவியபொழுது தோட்டங்களுக்குத் தேவைப்பட்ட ஆள்பலம் குறைந்தது. சமூகத்தின் பார்வையும் கல்வியை நோக்கித் திரும்பியது. 1979-இல் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியமும், 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையமும், 1984-இல் மாஜு கல்வி மேம்பாட்டுக் கழகமும் தோன்றின. ஸ்ரீ முருகன் நிலையத்தை நிறுவிய டாக்டர் எம். தம்பிராஜா பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் என்பது குறிப்பிடத்தக்கது. இவ்வமைப்புகளின் பணியால் தோட்டப் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகம் புகுந்தனர். ஆயினும், தேர்வில் வென்ற மாணவர் தோட்டத்தைவிட்டு வெளியேறினார். அங்கேயே தங்கிய பெற்றோரின் வீட்டுரிமை விடையின்றி நின்றது. தனிமனிதரின் எதிர்காலம் திட்டமிடப்பட்டது. ஊரின் எதிர்காலம் அவ்வாறு திட்டமிடப்படவில்லை.

முடிவுரை

இன்று வட சிலாங்கூர்த் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பெருகியுள்ளனர். தமிழ்க் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட, தோட்டப் பள்ளிகள் பல குறைந்த மாணவரோடு இயங்குகின்றன. 2007-இல் பத்தாங் பெர்சுந்தை பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. அங்கே இன்று பல்கலைக்கழக வளாகமொன்றும் உள்ளது. ஒரு தோட்டம் எந்த ஆண்டில் மறுநடவு காணும் என்பதை நிருவாகம் முன்கூட்டியே அறியும். ஒரு பள்ளியில் ஆறாண்டுகளுக்குப் பின் எத்தனை பிள்ளைகள் இருப்பர் என்பதை நாமும் ஓரளவு கணிக்க முடியும். தமிழாசிரியர் பள்ளிப் பதிவேட்டையும் ஆய்வாளர் மக்கள்தொகைத் தரவையும் கூட்டுறவாளர் மூலதனத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும்பொழுதுதான் பள்ளி இடமாற்றமும் குடியிருப்பும் காலம் கடந்த கோரிக்கைகளாக அல்லாமல் முன்கூட்டிய திட்டங்களாக அமையும். 1960-இல் அதற்கொரு முன்மாதிரியை நம் முன்னோர் காட்டிச் சென்றனர். அதைத் தொடர்வது நம் துறைக்கும் உரிய கடமையாகும்.