படகு சட்டெனக் கிளம்ப எந்த புரொப்பெல்லர்? அந்தமான் படகுக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

அந்தமானின் சுவராஜ் தீவு (பழைய பெயர் ஹேவ்லாக்) படகுத்துறையிலிருந்து எலிஃபென்ட் பீச்சுக்குச் சுற்றுலாப் பயணிகளை அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய சிறிய படகுகள் ஏற்றிச் செல்கின்றன. இப்படிப்பட்ட படகுகளை ஓட்டுபவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு தொல்லை உண்டு. காலியாக இருக்கும்போது பறக்கும் படகு, எட்டு பேர் ஏறியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதபடியே போகும்.

"எஞ்சினுக்கு பவர் பத்தல, பெருசா ஒண்ணு மாத்தணும்" என்பதுதான் உடனே கிடைக்கும் ஆலோசனை. ஆனால், பல நேரங்களில் அதைவிட மிகக் குறைந்த செலவில் புரொப்பெல்லரை மட்டும் மாற்றியே இதைச் சரிசெய்துவிடலாம். அதற்குச் சரியான அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தீவில் தவறான அளவை வாங்கிவிட்டால் நஷ்டமும் அதிகம். சென்னையிலிருந்து கடல்வழியாக ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) சுமார் 1,200 கி.மீ. தொலைவு. கப்பல் வந்து சேரவே மூன்று நாள் ஆகும். மாற்றி வாங்குவது என்றால் சீசனில் பல நாள் வருமானம் போய்விடும்.

கிளம்பும் வேகம் ஏன் முக்கியம்?

அவுட்போர்டு பொருத்திய ஃபைபர் படகு கிளம்பும்போது தண்ணீரை விலக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. ஒரு கட்டத்தைத் தாண்டியதும் அதன் அடிப்பகுதி மேலெழுந்து, நீரின் மீது வழுக்கி ஓடத் தொடங்கும். இதற்கு 'பிளேனிங்' என்று பெயர்.

இந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் எஞ்சினுக்குச் சுமை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். முன்பகுதி தூக்கி நிற்பதால், எதிரே நீந்துபவரோ பாறையோ ஓட்டுநர் கண்ணில் படாமல் போகலாம். பின்னாலிருந்து அலை துரத்தும்போதும், பவளப்பாறைகளுக்கு நடுவே உள்ள குறுகிய வழியைக் கடக்கும்போதும் படகு உடனே பிடித்து இழுக்க வேண்டும்.

டீசல் எஞ்சினை உள்ளே பொருத்திய மர டிங்கிகள் பெரும்பாலும் பிளேனிங் நிலைக்கே வராது. அவற்றுக்கான கணக்கு வேறு. இங்கே நாம் பார்ப்பது அவுட்போர்டு படகுகளை மட்டும்.

'பிட்ச்' என்றால் என்ன?

புரொப்பெல்லரில் '11 x 13' என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் விட்டம். இரண்டாவது எண் பிட்ச். இரண்டுமே அங்குலக் கணக்கு. ஒரு மரையாணி மரத்துக்குள் இறங்குவதைப் போல, புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றினால் கோட்பாட்டளவில் எவ்வளவு தூரம் முன்னே போகும் என்பதுதான் பிட்ச்.

பைக்கின் கியரோடு இதை ஒப்பிடலாம். பிட்ச் அதிகமான புரொப்பெல்லர், நாலாவது கியரில் மேடு ஏறுவது மாதிரி. ஓட ஆரம்பித்துவிட்டால் வேகம் வரும், ஆனால் கிளம்பும்போது எஞ்சின் திணறும். பிட்ச் குறைந்தால், இரண்டாவது கியர் மாதிரி இழுவை கிடைக்கும். உச்ச வேகம் மட்டும் கொஞ்சம் குறையும்.

முதலில் அளக்க வேண்டியது எது?

எஞ்சினின் ஆர்.பி.எம். ஒவ்வொரு எஞ்சினுக்கும், த்ராட்டிலை முழுதாகத் திறக்கும்போது எத்தனை ஆர்.பி.எம். வர வேண்டும் என்ற வரம்பு அதன் கையேட்டில் இருக்கும். பல ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் இது 5,000 முதல் 6,000 வரை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இதைவிடக் குறைவாக இருக்கலாம். உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ளதுதான் கணக்கு.

சோதனையைக் காலிப் படகில் செய்வதால் பயனில்லை. வழக்கமாக எத்தனை பேர், எவ்வளவு பெட்ரோல், ஐஸ்பெட்டி, சாமான் இருக்குமோ அத்தனையையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அமைதியான நீரில் முழு த்ராட்டிலில் ஓட்டி, டாக்கோமீட்டரையும் ஜிபிஎஸ் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு:

• ஆர்.பி.எம். வரம்புக்குக் கீழே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம். இப்படியே ஓட்டினால் எஞ்சினுக்கு நாளடைவில் பாதிப்பு வரும்.
• வரம்பைத் தாண்டினால் பிட்ச் குறைவு. இதுவும் எஞ்சினுக்கு ஆபத்து.
• வரம்பின் மேல்பாதியில் நின்றால், சுமை ஏற்றும் படகுக்குப் பொருத்தமான அளவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

பிட்சை 1 அங்குலம் குறைத்தால் ஆர்.பி.எம். சுமார் 150 முதல் 200 வரை கூடும் என்பது பொதுவான கட்டைவிரல் விதி.

உதாரணமாக, வரம்பு 5,000-6,000, கியர் விகிதம் 2:1 என்று வைத்துக்கொள்வோம். 13 அங்குல பிட்சில், முழுச் சுமையோடு 4,900 ஆர்.பி.எம்.தான் வருகிறது. புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,450 முறை சுற்றும். அதை 13 அங்குலத்தால் பெருக்கி மாற்றினால் மணிக்கு 48.5 கி.மீ. வருகிறது. ஜிபிஎஸ் காட்டுவது 37 கி.மீ. என்றால், சுமார் 24% நீரில் வழுக்கிப் போகிறது. இதைத்தான் 'ஸ்லிப்' என்கிறார்கள். ஸ்லிப் எல்லாப் படகிலும் இருக்கும், பூஜ்யம் ஆகாது.

இப்போது 11 அங்குலத்துக்கு மாறினால் ஆர்.பி.எம். 5,300 வரை போகலாம். கோட்பாட்டு வேகம் 44.4 கி.மீ. ஸ்லிப் 20% ஆகக் குறைந்தால் கிடைப்பது சுமார் 35.5 கி.மீ. இழப்பது ஒன்றரை கிலோமீட்டர் வேகம். பதிலுக்கு எஞ்சின் அதன் வரம்புக்குள் வந்துவிடுகிறது, படகும் சீக்கிரமாக மேலெழுகிறது. 15, 20 நிமிடப் பயணங்களுக்கு இது லாபமான பேரம்.

மூன்று இறக்கையா, நான்கா?

நான்கு இறக்கை இருந்தால் நீரைப் பிடிக்கும் பரப்பு கூடும். அலையிலும் திருப்பத்திலும் பிடி விடாது, குறைந்த வேகத்திலேயே பிளேனிங் நிலையில் நிற்கும். ஆனால், இழுவையும் கூடுவதால் உச்ச வேகம் சற்றுக் குறையும். மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது பிட்சையும் சுமார் 1 அங்குலம் குறைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ஆர்.பி.எம். இறங்கிவிடும்.

விட்டத்தைப் பொறுத்தவரை நமக்குப் பெரிய தேர்வு இல்லை. எஞ்சினின் கியர்பாக்ஸில் எது அடங்குமோ அதுதான்.

அலுமினியமா, ஸ்டீலா?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இறக்கைகள் மெல்லியவை, வளையாதவை. அதனால் செயல்திறன் அதிகம், விலையும் பல மடங்கு அதிகம். அலுமினியம் சுமையில் லேசாக வளையும், மலிவு.

பவளப்பாறை நிறைந்த ஆழமற்ற கடலில் அலுமினியத்துக்கு ஒரு அனுகூலம் உண்டு. பாறையில் இடித்தால் முதலில் இறக்கை வளையும் அல்லது உடையும், கியர்பாக்ஸ் தப்பிக்க வாய்ப்பு அதிகம். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் போவது மாதிரி. இரண்டாவது புரொப்பெல்லர், நட்டு, காட்டர் பின், ஸ்பேனர் ஆகியவற்றைப் படகிலேயே வைத்திருப்பது தீவுகளில் கட்டாயம் என்றே சொல்லலாம்.

வாங்கும் முன் இதையும் பாருங்கள்

"எஞ்சின் கத்துது, படகு நகரல" என்றால் பிட்ச் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். புரொப்பெல்லரின் நடுவே உள்ள ரப்பர் புஷ் வழுக்கினாலும் இப்படித்தான் ஆகும். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படிந்திருப்பது, உள்ளே தேங்கிய நீர், பின்பக்கமே குவிந்த சுமை ஆகியவையும் படகைக் கிளம்ப விடாது. எஞ்சினை அதிக உயரத்தில் மாட்டியிருந்தால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சிப் பிடி இழக்கும். கிளம்பும்போது எஞ்சினின் ட்ரிம்மை முழுதாக உள்ளே வைப்பதும் உதவும்.

கழற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கில் ஸ்விட்ச் கயிற்றை எடுத்துவிடுங்கள். மாட்டும்போது தண்டுக்கு கிரீஸ் போடுங்கள், காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.

புரொப்பெல்லரால் தீர்க்க முடியாதது

2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் படகு ஒன்று மூழ்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர்கள். 25 பேருக்கான படகில் 40-க்கும் மேற்பட்டோர் இருந்ததாக அப்போது செய்திகள் வெளியாகின.

பிட்சைக் குறைத்தால் கூடுதல் சுமையோடும் படகு சுலபமாகக் கிளம்பும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. படகு இழுக்கிறது என்பதற்காக அது இன்னும் நாலு பேரைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. புரொப்பெல்லர் தருவது இழுவை மட்டுமே. படகின் மிதக்கும் திறனையும், நீர்மட்டத்துக்கு மேல் இருக்கும் அதன் விளிம்பின் உயரத்தையும் எந்தப் புரொப்பெல்லராலும் கூட்ட முடியாது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை ஏற்றிச் சோதியுங்கள், அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற பிட்சை வாங்குங்கள், அதற்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.