வ.உ.சி. படத்தில் இல்லாதவர்கள்: ஒரு சின்ன த்ரெட்

1/ போன மாசம் மருத்துவ முகாமுக்காக மாஞ்சோலை போயிருந்தேன். இன்னும் மலையை விட்டு இறங்காத ஒரு குடும்பம். லைன் வீட்டில் பாட்டிக்கு பிரஷர் பார்க்கும்போது சுவரில் பழைய காலண்டர்: தலைப்பாகை, கோட்டு, மீசை, பின்னாடி கப்பல். "யாரு பாட்டி இது?"ன்னேன். "சிவாஜி"ன்னாங்க.

2/ சிரிக்காதீங்க. 1961ல 'கப்பலோட்டிய தமிழன்' வந்ததுக்கு அப்புறம் நம்மில் பல பேருக்கு வ.உ.சி. முகம்னா சிவாஜி முகம்தான்.

3/ இங்கிலாந்தில், கிரீனிச்சில், 1824லேயே கடற்படை ஓவியங்களுக்குன்னு தனிக் கூடம் திறந்தாங்க. நெல்சன் மாதிரி போரில் ஜெயிச்ச தளபதிகள்தான் அந்த நாட்டுக்கு அடையாளம். நம்ம கடல் நாயகன் கையில் பீரங்கி கிடையாது. ஒட்டப்பிடாரத்து வக்கீல் அவர்.

4/ 1906ல சுதேசி நாவாய்ச் சங்கம். மூலதனம் 10 லட்சம், ஒரு பங்கு 25 ரூபாய். காலியா, லாவோ என ரெண்டு கப்பல். தூத்துக்குடி-கொழும்பு வழியில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு நேர் போட்டி. இது நமக்கெல்லாம் பாடப்புத்தகத்தில் வந்தது.

5/ ஆனா அவர் கைதானதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நடந்ததைப் பாருங்க. 1908 பிப்ரவரி, தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளிகள் பக்கம் நின்னாங்க. கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைச்சது. மார்ச் 12ல கைது.

6/ மறுநாள் திருநெல்வேலியே கொந்தளிச்சது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தாங்க. அவங்க படத்தை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

7/ அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. கோவை சிறையில் செக்கிழுத்தார். அப்பீலில் தண்டனை குறைஞ்சு 1912 டிசம்பரில் வெளிய வந்தப்ப கப்பல் கம்பெனியே இல்லை. வறுமையில் வாழ்ந்து 1936ல மறைந்தார். தபால்தலை வந்தது 1972ல. தூத்துக்குடி துறைமுகத்துக்கு அவர் பேர் வச்சது 2011ல.

8/ 2022 குடியரசு தின அணிவகுப்பில் அவர் உருவம் இருந்த தமிழ்நாட்டு ஊர்திக்கு டெல்லியில் இடம் கிடைக்கலை. நாம எல்லாரும் கோபப்பட்டோம். நியாயமான கோபம்தான்.

9/ அதே திருநெல்வேலியில் 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காகக் கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன ஊர்வலம். போலீஸ் தடியடி. தாமிரபரணியில் 17 பேர் பிணமாக மிதந்தாங்க. அதில் ஒரு குழந்தையும் உண்டு. அவங்களும் கேட்டது கூலி உயர்வுதான்.

10/ கப்பலை மட்டும் வரைஞ்சா பெருமைப்படுறது சுலபம். மில் தொழிலாளியையும் சேர்த்து வரைஞ்சா, நாம யார் பக்கம் நிக்கிறோம்னு அந்தப் படம் நம்மளையே கேட்கும். அடுத்த தடவை அந்தத் தலைப்பாகைப் படத்தைப் பார்க்கும்போது, பக்கத்தில் ஒரு மில் தொழிலாளியையும் நினைச்சுப் பாருங்க.

பாட்டிக்கு பிரஷர் 160/100. மாத்திரை கொடுத்துட்டு வந்தேன்.